தென்துருவத்துக்குத் தீவனம்

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் இந்தக் கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். 1911 டிசம்பர் 14 அன்று நார்வேக்காரர் ஆமுண்ட்சென் தென்துருவத்தில் கொடி நட்டார். 1912 ஜனவரி 17 அன்று இங்கிலாந்தின் ஸ்காட் அங்கே போய்ச் சேர்ந்து, அந்தக் கொடியைப் பார்த்து மனம் உடைந்து, திரும்பும் வழியில் நான்கு தோழர்களோடு உயிர் விட்டார். ஏன் ஒருவர் ஜெயித்தார், ஏன் இன்னொருவர் செத்தார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வானிலை, அதிர்ஷ்டம், ஆங்கிலேயரின் வீம்பு, மண்ணெண்ணெய் டின்னில் ஓட்டை என்று பட்டியல் நீளும்.

இந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: வண்டி இழுத்த மிருகங்களுக்கு என்ன சாப்பாடு போட்டார்கள்? குளிர்நாட்டில் வீட்டில் ஒரு நாயையோ ஃபெரட்டையோ வளர்ப்பவர்களுக்குக்கூட குளிர்காலத்தில் இதுதான் முதல் கவலை. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே மிருகத்துக்குக் கூடுதல் தீனி வேண்டும். வீட்டில் தவறினால் பிராணி மெலியும். அண்டார்டிகாவில் தவறியபோது என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1901-ல் ஸ்காட் முதல்முறையாக 'டிஸ்கவரி' கப்பலில் அண்டார்டிகா போனார். சைபீரிய நாய்களைக் கூட்டிப்போனார். அவற்றுக்கு முதலில் யோசித்த உணவு ஸ்ப்ராட் கம்பெனியின் நாய் பிஸ்கட். (ஒரு சின்ன இடைச்செருகல். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860களின் தொடக்கத்தில் லண்டனில் ஆரம்பித்த வியாபாரம் இது. துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய கப்பல் ரொட்டியைத் தெருநாய்கள் தின்பதைப் பார்த்து யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். கோதுமை, காய்கறி, பீட்ரூட், மாட்டிறைச்சிக் கழிவு சேர்த்து 'நாய் கேக்' என்று விற்றார். அதுவரை வீட்டு மிச்சத்தைத் தின்ற நாய்க்குக் காசு கொடுத்து உணவு வாங்க வைத்தாரே, அது லேசுப்பட்ட காரியமா!)

ஆனால் பிஸ்கட்டை விட நார்வே கருவாடு நல்லது என்று ஒரு யோசனை வந்தது. உப்புப் போடாமல் காற்றில் காயவைத்த காட் மீன். யோசனையில் தப்பில்லை, வட நாடுகளில் நாய்கள் தலைமுறை தலைமுறையாக மீன் தின்றுதான் வண்டி இழுத்தன. ஆனால் நார்வேயிலிருந்து அண்டார்டிகாவுக்குப் போகும் கப்பல் நடுவில் வெப்பமண்டலத்தைத் தாண்ட வேண்டுமே! அந்த வெயிலில் கப்பலின் அடித்தட்டில் கிடந்த கருவாடு கெட்டுப்போயிற்று. பார்த்தால் தெரியவில்லை.

1902 நவம்பரில் ஸ்காட், வில்சன், ஷேக்கிள்டன் மூவரும் 19 நாய்களோடு தெற்கே புறப்பட்டார்கள். சில வாரங்களிலேயே நாய்கள் தளர்ந்தன, ரத்தபேதி கண்டது, ஒவ்வொன்றாக விழுந்தன. விழுந்த நாயைக் கொன்று மற்ற நாய்களுக்குப் போடும் வேலை டாக்டர் வில்சனுடையது. 82 டிகிரியைத் தாண்டிவிட்டுத் திரும்பினார்கள். 19-ல் ஒரு நாய்கூட கப்பலுக்குத் திரும்பவில்லை.

இதிலிருந்து 'நம் கருவாடு கெட்டுப்போயிற்று' என்ற பாடத்தை விட, 'நாய்களை நம்ப முடியாது' என்ற பாடம்தான் ஸ்காட் மனதில் ஆழமாகப் பதிந்தது. பின்னால் நடந்த பலவற்றுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று தோன்றுகிறது.

அடுத்து வந்தவர் ஷேக்கிள்டன். அதே பயணத்தில் நாய்கள் சாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் ஆயிற்றே, 1908-ல் தன் சொந்தப் பயணத்துக்கு மஞ்சூரிய மட்டக்குதிரைகளை நம்பினார். நியூசிலாந்தில் 10 குதிரைகள் கப்பல் ஏறின. 8 உயிரோடு கரை சேர்ந்தன. ஒரே மாதத்துக்குள் அதில் 4 செத்தன. ஒன்று ரசாயனப் பொருள்கள் கட்டி வந்த மரச்சீவலைத் தின்றுவிட்டது. மற்றவை செத்த காரணம்தான் விசித்திரம். அவை எரிமலை மணலைத் தின்றிருந்தன! வயிற்றை அறுத்துப் பார்த்தால் கிலோ கணக்கில் மணல். குதிரைகளைக் கட்டியிருந்த இடத்தில் கடல் தெறித்துத் தெறித்து மணலில் உப்பு ஏறியிருந்தது. தீவனத்தில் உப்புப் போதவில்லை, குதிரைகள் உப்பைத் தேடி மணலை நக்கின. நம் ஊரில் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டியில் ஒரு கை உப்புப் போடுவது பாட்டிகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அங்கே அந்த ஒரு கை உப்பு இல்லாமல் குதிரைகள் போயின.

மீதி நான்கு குதிரைகளுக்கு ஷேக்கிள்டன் போட்ட தீனியில் ஒன்றின் பெயர் 'மௌஜி ரேஷன்'. உலர்ந்த மாட்டிறைச்சி, கேரட், பால், உலர்திராட்சை, சர்க்கரை எல்லாம் கலந்த பொடி. ஆமாம், குதிரைக்கு மாட்டிறைச்சிதான்! எடை குறைவு, சத்து அதிகம், தண்ணீரில் போட்டால் பல மடங்கு ஊதும். குதிரைகள் விரும்பியும் தின்றனவாம். இதை வைத்துக்கொண்டு 1909 ஜனவரி 9 அன்று ஷேக்கிள்டன் துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் அருகே வரை போய்விட்டார். ஆனால் ஒரு குதிரையும் மிஞ்சவில்லை. மூன்றைச் சுட்டுச் சாப்பிட்டார்கள், கடைசி ஒன்று பனிப்பிளவில் விழுந்து மறைந்தது. கடைசிக் கட்டத்தை மனிதர்களே இழுத்தார்கள்.

ஸ்காட்டுக்கு இது போதுமான சாட்சியாக இருந்தது. 1910-ல் 'டெரா நோவா' கப்பலில் கிளம்பும்போது 19 மட்டக்குதிரைகள், முப்பதுக்கு மேல் நாய்கள், 3 மோட்டார் வண்டிகள் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். பெரிய நம்பிக்கை குதிரைகள் மேல்தான். ஷேக்கிள்டனிடம் கறுப்புக் குதிரைகள் முதலில் செத்தன என்பதால் வெள்ளைக் குதிரைகளாகப் பார்த்து வாங்கச் சொன்னார். மணலுக்கும் உப்புக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தமோ!

அந்தக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் லாரன்ஸ் ஓட்ஸ், இந்தியாவில் பணியிலிருந்த குதிரைப்படை கேப்டன். (குதிரை தின்னும் தானியத்துக்கும் இவருக்கும் தமிழில் ஒரே பெயராகிவிடுகிறது. குழப்பம் வேண்டாம், இனி இவர் வெறும் 'கேப்டன்'.) குதிரைகளை வாங்கியவர் நாய் விஷயத்தில் கெட்டிக்காரரான மியர்ஸ். குதிரை தெரிந்த கேப்டன் அவற்றை முதல்முறையாகப் பார்த்தது, எல்லாம் வாங்கி முடித்த பிறகு. கிழடும் நொண்டியுமாக இருந்ததைக் கண்டு தலையில் கைவைத்தார். கூடவே இன்னொரு அதிர்ச்சி, தீவனம். பச்சையாக அறுத்த கோதுமைப் பயிரை நறுக்கி அழுத்திக் கட்டிய கட்டுகள். பார்க்க நன்றாக இருக்கும், சத்து ஒன்றும் கிடையாது. அதை மட்டும் தின்ற குதிரைகள் எலும்பும் தோலுமாயின என்று அந்தப் பயணத்தில் இருந்த செர்ரி-கரார்ட் பின்னால் தன் புத்தகத்தில் எழுதினார். கேப்டன் நியூசிலாந்தில் தன் கைக்காசைப் போட்டுக் கூடுதல் தீவனம் வாங்கிக் கப்பலில் ஏற்றினார்.

1911 குளிர்காலம் முழுக்க, சூரியனே வராத மாதங்களில், கேப்டன் லாயத்திலேயே குடியிருந்தார் என்று சொல்லலாம். சீல் கொழுப்பை எரிக்கும் அடுப்பு ஒன்றை லாயத்தில் வைத்தார். காலையில் நறுக்கிய வைக்கோல். மதியம் கொஞ்சம் நடக்கவிட்டு, தண்ணீருக்குப் பதில் பனி, பிறகு வைக்கோலோடு ஒரு நாள் ஓட்ஸ் தானியம், ஒரு நாள் பிண்ணாக்கு. மாலை ஐந்து மணிக்கு சூடான தவிட்டுக் கஞ்சி அல்லது வேகவைத்த தானியத்தோடு பிண்ணாக்கு. கடைசியாக ஒரு பிடி உலர்புல். நோஞ்சான் குதிரைகளை இந்த மனிதர் வசந்தகாலம் வரை உயிரோடு கொண்டுவந்ததே பெரிய விஷயம்.

ஆனால் அடிப்படைச் சிக்கலை யாராலும் தீர்க்க முடியாது. குதிரை புல் தின்கிற மிருகம், அந்த இடத்தில் ஒரு புல்கூட முளைக்காது. அதன் ஒவ்வொரு வாயும் கப்பலில் வந்து, பிறகு வண்டியில் ஏறி, குதிரையாலேயே இழுக்கப்பட வேண்டும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வண்டி இழுக்கும் குதிரைக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ அளவுக்குத் தீனி. 10 குதிரைக்கு 50 கிலோ. ஆமுண்ட்சென் கிளம்பியபோது அவரிடம் இருந்தவை 52 நாய்கள், ஒரு நாய்க்கு அரைக் கிலோ, மொத்தம் 26 கிலோ. போதாததற்குக் குதிரைக்குத் தோல் முழுக்க வியர்க்கும், வியர்வை உடம்பிலேயே பனிக்கட்டியாகும். ஒவ்வொரு இரவும் அதற்குப் பனியால் சுவர் கட்டிக் காற்றைத் தடுக்க வேண்டும். நாய் சுருண்டு படுத்துத் தன்மேல் பனி மூடினாலும் தூங்கும். குதிரைகள் குளிர் தாங்காது என்பதாலேயே ஸ்காட் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆமுண்ட்சென் அக்டோபரிலேயே கிளம்பிவிட்டார்.

சரி, ஆமுண்ட்சென் என்ன செய்தார்?

1910 ஆகஸ்டில் 'ஃப்ராம்' கப்பலில் 97 கிரீன்லாந்து நாய்களை ஏற்றினார். இவரும் அதே வெப்பமண்டலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், இவரிடமும் கருவாடுதான் இருந்தது. ஆனால் வெறும் கருவாட்டைப் போட்டுவிட்டு விடவில்லை. அதை நறுக்கி, மாட்டுக் கொழுப்பும் சோளமாவும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சி வாரம் மூன்று முறை ஊற்றினார்கள். அந்தக் கஞ்சி நாள் வந்தால் நாய்கள் பைத்தியம் பிடித்தது போலக் குதிக்குமாம். ஐந்து மாதக் கடல் பயணம் முடிந்து இறங்கும்போது எண்ணிப் பார்த்தால் 116 நாய்கள்! குட்டிபோட்டுப் பெருகியிருந்தன. முதலீடு கரை சேரும் முன்பே வட்டி ஈட்டியது இங்கே மட்டும்தான்.

இறங்கியதும் செய்த வேலை சீல் வேட்டை. குளிர்காலம் முழுக்க நாய்களுக்கு சீல் இறைச்சி, கொழுப்பு, கருவாடு என்று மாறி மாறிக் கிடைத்தது. அவர் தேர்ந்தெடுத்த மிருகத்தின் உணவு அந்தக் கரையிலேயே படுத்துக் கிடந்தது. பயணத்துக்கு பெமிக்கன், அதாவது உலர்ந்த இறைச்சிப் பொடியைக் கொழுப்பில் பிசைந்து கட்டியாக்கிய உணவு. நாய்களுக்கென்றே தனியாக இரண்டு வகை செய்திருந்தார், ஒன்று இறைச்சி, மற்றது மீன். அரைக் கிலோ கட்டி ஒன்று, ஒரு நாய்க்கு ஒரு நாள் பங்கு. எடை போடவோ பங்கு பிரிக்கவோ வேண்டாம், குளிரில் கையுறையைக் கழற்றவும் வேண்டாம். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் அவர் எமகாதகர்.

ஆமுண்ட்செனின் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. எந்த இடத்தில் எத்தனை நாயைக் கொல்வது, அதை யார் தின்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். 1911 நவம்பர் 21 அன்று மலை ஏறி முடித்ததும் 24 நாய்களைச் சுட்டார்கள். அந்த இடத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'கசாப்புக் கடை'. தாங்கள் வளர்த்த நாய்களைத் தாங்களே சுட வேண்டியிருந்தது அந்த ஐவரையும் வருத்தியது என்று அவரே எழுதியிருக்கிறார். 52 நாய்களில் 11 திரும்பின. மனிதர்கள் ஐந்து பேரும் திரும்பினார்கள். அவரைக் கல்நெஞ்சர் என்று அன்றைய இங்கிலாந்தில் பலர் நினைத்தார்கள். ஸ்காட்டின் குதிரைகளில் கடைசி ஐந்தும் டிசம்பர் 9 அன்று இதே மாதிரி சுடப்பட்டன என்பதை ஏனோ அவ்வளவாகப் பேசவில்லை.

இனி ஸ்காட்டின் நாய்கள். அவர் நாய்களை நம்பவில்லை என்றாலும் அவை நன்றாகவே ஓடின. சிக்கல் மறுபடியும் தீனியில். 1911 பிப்ரவரியில், பின்னால் வரப்போகும் பயணத்துக்காக வழியில் உணவுக் கிடங்குகள் வைக்கப் போனபோது நாய்களுக்கு பிஸ்கட் மட்டுமே போட்டார்கள். ஒல்லிக்குச்சியாகி, பசியில் வெறிபிடித்தது போல ஆகிவிட்டன. அடுத்த வருடம் அளவைக் கூட்ட வேண்டும், ஒழுங்காக யோசித்து ஓர் உணவு முறை வகுக்க வேண்டும், வெறும் பிஸ்கட் போதவே போதாது என்று ஸ்காட் தன் நாட்குறிப்பில் எழுதினார். அவர் கண்டுபிடித்தது முழுக்கச் சரி. வண்டி இழுக்கும் நாய்க்கு மாவுச்சத்தை விடக் கொழுப்புதான் எரிபொருள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவில் 4. அலாஸ்காவில் நீண்டதூரப் பந்தயம் ஓடும் நாய்கள் ஒரு நாளைக்கு 10,000 கலோரிக்கு மேல் செலவழிக்கின்றன, ஏறக்குறைய நான்கைந்து மனிதர்களின் சாப்பாடு! இதை ஆராய்ச்சிக்கூடத்தில் அளந்து சொன்னதெல்லாம் பிற்பாடு, 1970களிலும் அதற்குப் பிறகும். ஸ்காட் நாயின் விலா எலும்பைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஆனால் துருவம் போய்ச் சேர 11 மாதம்தான் பாக்கி.

அதே கிடங்குப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. பெரிய கிடங்கான 'ஒன் டன்' கிடங்கை 80 டிகிரியில் வைப்பதாகத் திட்டம். குதிரைகள் தளர்ந்துபோனதால் ஸ்காட் மனம் இரங்கி, சுமார் 55 கிலோமீட்டர் முன்னதாகவே சாமானை இறக்கிவிட்டார். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப்போவோம், விழுகிற குதிரையைக் கொன்று இறைச்சியாகக் கிடங்கில் வைப்போம் என்று கேப்டன் சொல்லிப் பார்த்தார். ஸ்காட் கேட்கவில்லை. இவ்வளவு இரக்கம் காட்டியும், போன 8 குதிரைகளில் 2தான் முகாமுக்குத் திரும்பின.

இப்போது 1912 மார்ச். ஸ்காட்டும் தோழர்களும் துருவத்திலிருந்து தள்ளாடித் தள்ளாடித் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை எதிர்கொண்டு அழைக்க செர்ரி-கரார்டும் ரஷ்ய நாயோட்டி திமித்ரியும் இரண்டு நாய் வண்டிகளோடு ஒன் டன் கிடங்குக்கு வந்துவிட்டார்கள். செர்ரிக்கு வயது 26, கிட்டப்பார்வை, தனியாகத் திசை பார்த்து வண்டி ஓட்டிய அனுபவம் கிடையாது. மார்ச் 3 இரவு வந்து சேர்ந்து காத்திருந்தார். பெரும்பாலான நாட்கள் பனிப்புயல்.

ஏன் இன்னும் தெற்கே போகவில்லை? கிடங்கில் மனிதர்களுக்கு உணவு இருந்தது. நாய்க்கு உணவு இல்லை. அங்கே நாய் உணவு கொண்டுபோய் வைக்கும்படி ஸ்காட் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் திட்டமிட்டதை விட வெகுதூரம் தெற்கே நாய்களைக் கூட்டிப்போனதும் அவரேதான். அதனால் மியர்ஸ் நாய்களோடு ஜனவரியில்தான் முகாமுக்குத் திரும்பினார். மனிதர்கள் இழுத்துப்போன வண்டியில் மனித உணவு மட்டும் கிடங்குக்குப் போயிற்று. நாய் உணவு போகவே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒருவர் இன்னொருவர் செய்வார் என்று நினைத்த வேலை. எந்த அலுவலகத்திலும் நடக்கிறதுதான்.

செர்ரியின் கையில் இருந்தது, திரும்பும் வழிக்கும் இன்னும் சில நாளைக்கும் வருகிற நாய் உணவு. மேலே போக வேண்டுமென்றால் சில நாய்களைக் கொன்று மற்றவற்றுக்குப் போட வேண்டும். நாய்களை ஆபத்தில் விடக் கூடாது என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மார்ச் 10 அன்று திரும்பிவிட்டார். அன்றைக்கு ஸ்காட் அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே இருந்தார். தங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாய்கள் வரவில்லை என்று அதே மார்ச் 10 தேதியிட்டு அவர் நாட்குறிப்பில் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, கால்கள் உறைந்துபோன கேப்டன் கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுக்குள் நடந்து போனார். மற்ற மூவரின் கடைசிக் கூடாரம் ஒன் டன் கிடங்கிலிருந்து 20 கிலோமீட்டரில் நின்றது. கிடங்கு 80 டிகிரியில் இருந்திருந்தால் அதைத் தாண்டி வந்திருப்பார்கள். செர்ரி 1959-ல் இறக்கும் வரை அந்த மார்ச் 10-ஐ மறக்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்பவர்கள் அந்தக் கிடங்கின் சரக்கு இருப்பை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் வருடத்துக்குக் குதிரைக்குப் பதில் கோவேறு கழுதைகள் வேண்டும் என்று யோசனை சொன்னவர் கேப்டன். அதன்படி இந்திய ராணுவம் இமயமலைப் பக்கம் பழக்கிய 7 கோவேறு கழுதைகளை அனுப்பியது. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப். 1912 தொடக்கத்தில் அவை அண்டார்டிகாவில் இறங்கியபோது கேப்டன் தெற்கே எங்கோ வண்டி இழுத்துக்கொண்டிருந்தார். அக்டோபர் கடைசியில், காணாமல் போனவர்களைத் தேடிப் புறப்பட்ட குழுவின் வண்டிகளை இழுத்தவை இந்தக் கழுதைகள்தான். கண்ணுக்குப் பனிக் கண்ணாடி எல்லாம் கட்டிவிட்டார்கள். நடையில் குறையில்லை, ஆனால் சாப்பாட்டில் மகா அடம். அளந்து வைத்த ஓட்ஸையும் பிண்ணாக்கையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காய்ச்சி எறிந்த தேயிலைச் சக்கையையும் புகையிலைச் சாம்பலையும் கயிற்றையும் ஆசையாகத் தின்னும்.

நவம்பர் 12 அன்று கூடாரம் கிடைத்தது. மூவரையும் அங்கேயே பனியால் மூடிவிட்டு, கேப்டனின் உடலைத் தேடி இன்னும் தெற்கே நடந்தார்கள். கிடைத்தது அவருடைய தூக்கப்பை மட்டும். அந்தப் பக்கத்தில் பனியைக் குவித்து ஒரு மேடு எழுப்பி, மேலே ஒரு சிலுவையை நட்டுவிட்டுத் திரும்பினார்கள்.